விபத்துக் காய சிகிச்சையின் தரத்தை எப்படி அளக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முதலில் அவசரப் பிரிவில் புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பதிவேடு எழுதுபவர்களுக்கும். ஆனால் 2022-இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகளும் 17,884 மரணங்களும் பதிவாகியிருக்கும்போது, இது ஆஸ்பத்திரிக்காரர்களின் கவலை மட்டும் இல்லை. அதனால் மருத்துவப் படிப்பு இல்லாதவர்களுக்கும் புரியும்படி எழுதியிருக்கிறேன்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணினால் போதாதா?

போதாது. ஓர் உதாரணக் கணக்கு. ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருடத்தில் 1,000 பேர் அடிபட்டு வருகிறார்கள், 10 பேர் இறக்கிறார்கள். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் 1,000 பேர் வருகிறார்கள், 120 பேர் இறக்கிறார்கள். 1 சதவீதம், 12 சதவீதம். இதைப் பார்த்து தாலுகா ஆஸ்பத்திரிதான் நல்ல ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட முடியுமா? அங்கே வருவதில் பெரும்பகுதி சிராய்ப்பும் கை முறிவும். தலையில் பலத்த அடி என்றால் ஐவி லைன் போட்டு, 108-இல் ஏற்றி, மருத்துவக் கல்லூரிக்கு ரெஃபர் செய்துவிடுவார்கள். அந்த நோயாளி போய்ச் சேர்ந்து இறந்தால் கணக்கு அங்கேதான் ஏறும்.

ஆகவே யார் வந்தார்கள், எந்த நிலையில் வந்தார்கள் என்று தெரியாமல் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை.

அப்படியானால் எதை அளப்பது?

அவேடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவத் துறை அறிஞர் 1966-இல் ஒரு வகைப்பாடு கொடுத்தார். இன்றுவரை எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாவது அமைப்பு: சி.டி. இயந்திரம் இருக்கிறதா, இரவிலும் ஆள் இருக்கிறாரா, ரத்தம் கையிருப்பில் இருக்கிறதா. இரண்டாவது செயல்முறை: செய்ய வேண்டியதை, செய்ய வேண்டிய நேரத்துக்குள் செய்தார்களா. மூன்றாவது விளைவு: பிழைத்தாரா, எந்த நிலையில் வீடு போனார்.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு முதலாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் எண்ணிப் பார்ப்பது சுலபம். வென்டிலேட்டர் எத்தனை? எட்டு. டிக். அந்த எட்டில் எத்தனை ஓடுகிறது என்பது அடுத்த கேள்வி, அதை எல்லோரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், ஒரு அவசரப் பிரிவை நேர்மையாக எடைபோட நடுவிலுள்ள செயல்முறைதான் சரியான இடம். அதற்குக் கடிகார நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நம் ஊர் கேஸ் ஷீட்டுகளில் தேட வேண்டியிருக்கிறது.

காயம் எவ்வளவு மோசம் என்பதை எப்படி எண்ணாக்குகிறார்கள்?

இரண்டு வழி உண்டு. ஒன்று உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்ப்பது: ரத்த அழுத்தம், மூச்சு வேகம், நினைவு நிலை. நினைவு நிலைக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஜி.சி.எஸ். அளவை 1974-இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் தந்தது. கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் குறைந்தது 3, அதிகபட்சம் 15.

இன்னொரு வழி காயத்தையே எடைபோடுவது. ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை ஒரு தீவிர எண் உண்டு. அதிலிருந்து ஐ.எஸ்.எஸ். எனும் மொத்த மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையை சூசன் பேக்கர் குழு 1974-இல் வெளியிட்டது. உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிக மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும்.

ஹெல்மெட் போடாமல் பைக்கில் போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூளை உறைக்கு அடியில் ரத்தக்கட்டு, எண் 4. தொடை எலும்பு முறிவு, 3. இரண்டு விலா எலும்பு முறிவு, 2. முகத்தில் சிராய்ப்பு, 1. மேலேயுள்ள மூன்றை எடுத்தால் 16 + 9 + 4 = 29. சிராய்ப்பு கணக்கில் வராது. 15-க்கு மேல் போனால் பெருங்காயம் என்பது வழக்கமான கோடு. உச்சம் 75.

இந்த முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது, பதிவேடு எழுதுபவர் அதைத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு தொடை எலும்பு முறிந்தால் 9. இரண்டு தொடையும் முறிந்தாலும் 9தான், ஏனென்றால் இரண்டும் ஒரே பகுதி. ஆனால் இரண்டு தொடை முறிந்தவர் உள்ளுக்குள் இழக்கும் ரத்தம் எவ்வளவு என்று எலும்பு வார்டில் ஒரு வாரம் வேலை பார்த்த நர்ஸுக்குக்கூடத் தெரியும். இதைச் சரிசெய்யவே 1997-இல் திருத்தப்பட்ட முறை வந்தது. அதில் பகுதி எதுவானாலும் மிக மோசமான மூன்று காயங்களையே எடுப்பார்கள். இரண்டு தொடைக்கும் 18 வரும்.

பிழைக்க வேண்டியவர் இவர் என்று கணக்குப் போட்டே சொல்ல முடியுமா?

தனி மனிதருக்குச் சொல்ல முடியாது. ஒரு கூட்டத்துக்குச் சொல்லலாம். 1987-இல் வந்த டிரிஸ் எனும் முறை மேலே சொன்ன இரண்டு வழிகளையும் சேர்த்து, வயதையும் அடி எந்த வகை என்பதையும் (மோதலா, குத்தா) போட்டு, பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிடுகிறது. நூறு பேருக்கு இப்படிக் கணக்கிட்டால் எதிர்பார்க்கப்படும் மரணம் இவ்வளவு என்று வரும். உண்மையில் நடந்தது அதைவிடக் கூடவா குறைவா என்று ஒப்பிடலாம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, அதன் குணகங்கள் (சூத்திரத்தில் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் எடை எண்கள்) அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிகளிடமிருந்து வந்தவை. ஆம்புலன்ஸ், தூரம், வயது எல்லாம் மாறும் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. இரண்டாவது, மூச்சு எண்ணிக்கை இல்லாமல் அந்தக் கணக்கு நிற்காது. கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள்: எல்லோருக்கும் நிமிடத்துக்கு 18 அல்லது 20. விலா நொறுங்கித் திணறுபவருக்கும் 20, கட்டை விரல் வெட்டுப்பட்டவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். அந்த எண்ணை வைத்து எவ்வளவு நுணுக்கமான சூத்திரம் போட்டாலும் வருவது கற்பனைதான்.

வசதி குறைந்த இடங்களுக்காக உகாண்டாவில் கம்பாலா மதிப்பெண் என்று எளிய முறை ஒன்றை உருவாக்கினார்கள். வயது, ரத்த அழுத்தம், மூச்சு, நினைவு, கடுமையான காயங்கள் எத்தனை, அவ்வளவுதான். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அதுவே தாராளம்.

ஒரு வருடத்தில் மரணம் கூடினால் தரம் குறைந்துவிட்டது என்று சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம். கடுமையான காயத்தோடு 20 பேர் வருகிறார்கள், 5 பேர் இறக்கலாம் என்பது எதிர்பார்ப்பு என்று வையுங்கள். சிகிச்சையில் எந்த மாற்றமும் இல்லாமல், வெறும் தற்செயலாகவே 8 பேரோ அதற்கு மேலோ இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதாவது பத்து சின்ன ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தினால் அவற்றில் ஒன்று குற்றமே இல்லாமல் கடைசியில் நிற்கலாம். எண்ணிக்கை சிறியதாக இருக்கும் இடத்தில் சதவீதத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு மரணத்தின் கேஸ் ஷீட்டையும் எடுத்துப் படிப்பதே மேல்.

கோல்டன் ஹவர் என்பது அளவுகோலா?

பால்டிமோரில் வேலை பார்த்த ஆடம்ஸ் கௌலி என்ற அறுவை மருத்துவர் பரப்பிய சொல் அது. ஜனங்களிடம் அவசரத்தை உணர்த்த நல்ல சொல். ஆனால் சரியாக 60-ஆவது நிமிடத்தில் கதவு சாத்தப்படும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. மூச்சுக்குழாய் அடைத்தவருக்கு சில நிமிடம்தான் உண்டு. மண்ணீரல் மெதுவாகக் கசியும் ஒருவர் பல மணி நேரம் தாங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டுவிட்டார் என்பதும் பெரிய சாதனை இல்லை, வாசலுக்கு உள்ளே இரண்டு மணி நேரம் கிடந்தால்.

எந்தெந்த நேரங்களைக் கட்டாயம் குறிக்க வேண்டும்?

அடிபட்ட நேரம், வாசலுக்கு வந்த நேரம், ட்ரையாஜ் (யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பது) முடிந்த நேரம், முதல் ரத்த அழுத்தம் பார்த்த நேரம், மூச்சுக்கு ட்யூப் போட்டிருந்தால் அது, சி.டி. எடுத்த நேரம், முதல் பாட்டில் ரத்தம் ஏறிய நேரம், ஆபரேஷன் தியேட்டருக்குள் போன நேரம், ரெஃபர் என்றால் முடிவெடுத்த நேரமும் வண்டி கிளம்பிய நேரமும் தனித்தனியாக. கடைசி இரண்டுக்கும் நடுவில்தான் பல உயிர் போகிறது.

நம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு வேடிக்கை உண்டு. ஏ.ஆர். புத்தகத்தை, அதாவது விபத்துப் பதிவேட்டைப் பாருங்கள். யார் அழைத்து வந்தார், எத்தனை மணிக்கு, எங்கே எப்படி அடிபட்டதாகச் சொன்னார், அங்க அடையாளம் இரண்டு என்று எல்லாம் பளிச்சென்று இருக்கும். காரணம், அது கோர்ட்டுக்குப் போகும், டாக்டர் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும். அதே நோயாளியின் கேஸ் ஷீட்டில் ரத்தம் எப்போது ஏறியது என்று தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் 10.00, 10.30, 11.00 என்று முழு எண்களாக இருக்கும். ஷிஃப்ட் முடியும்போது ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியவை அவை. 10.07, 10.34 என்று கோணல்மாணலான நேரங்கள் வந்திருந்தால் அந்தப் பிரிவில் யாரோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று நம்பலாம்.

ஆடிட் ஃபில்டர் என்கிறார்களே, அது என்ன?

எல்லா கேஸ் ஷீட்டையும் யாராலும் படிக்க முடியாது. எதைப் படிக்க வேண்டும் என்று சல்லடை போடும் கேள்விகள்தான் அவை. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி பல வருடங்களுக்கு முன்பே ஒரு பட்டியல் கொடுத்தது. பரவலாகப் பழக்கத்தில் உள்ள சில: ஜி.சி.எஸ். 13-க்குக் கீழே இருந்தும் 2 மணி நேரத்துக்குள் தலைக்கு சி.டி. எடுக்கவில்லையா? மயங்கிய நிலையில் இருப்பவர் மூச்சுக்கு ட்யூப் போடாமலேயே அவசரப் பிரிவைவிட்டு வெளியே போனாரா? வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து அழுத்தமும் விழுந்தவருக்கு 1 மணி நேரம் தாண்டியும் அறுவை தொடங்கவில்லையா? மூளை உறைக்கு வெளியிலோ அடியிலோ உள்ள ரத்தக்கட்டை எடுக்க 4 மணி நேரம் தாண்டியதா? இப்போது இன்னொன்றையும் சேர்க்கிறார்கள்: எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவுக்கு 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட்டார்களா?

சல்லடையில் சிக்கியதெல்லாம் தப்பு என்று அர்த்தமில்லை. சி.டி. தாமதமானதற்கு நோயாளிக்கு அழுத்தம் இல்லாமல் போனது காரணமாக இருக்கலாம். அப்போது தாமதித்ததுதான் சரி. சிக்கினால் எடுத்துப் படி, அவ்வளவே.

மருந்து சம்பந்தமாக ஏதாவது ஒரு நல்ல அளவுகோல் உண்டா?

டிரானெக்சாமிக் அமிலம். ரத்தப்போக்கைக் குறைக்கும் விலை மலிவான ஊசி. கிராஷ்-2 என்ற ஆய்வு இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2010-இல் வெளியானது. மொத்த மரணம் 16.0 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைந்தது. அடுத்து வந்த பகுப்பாய்வு அதைவிட முக்கியம்: அடிபட்டு 1 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம், 3 மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் கூடியது. ஆகவே ஊசி போட்டாரா என்று கேட்பது பாதிக் கேள்விதான். எத்தனை மணிக்கு அடிபட்டது, எத்தனை மணிக்குப் போட்டார் என்பது மீதி.

தடுத்திருக்கக்கூடிய மரணம் என்பதை யார் முடிவு செய்வது?

ஒரு குழு. அறுவை, எலும்பு, மயக்கவியல், நரம்பியல் அறுவை, அவசரப் பிரிவு மருத்துவர்களும் நர்ஸும் உட்கார்ந்து, இறந்தவரின் கேஸ் ஷீட்டை முழுக்கப் படித்து, தடுத்திருக்கலாம், ஒருவேளை தடுத்திருக்கலாம், தடுத்திருக்க முடியாது என்று பிரிப்பார்கள்.

இதன் பலத்தைக் காட்டியது 1979-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஒப்பீடு. சான்ஃபிரான்சிஸ்கோவில் அடிபட்டவர்கள் எல்லோரையும் ஒரே மையத்துக்குக் கொண்டுபோவார்கள். ஆரஞ்ச் கவுன்டியில் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே. ஆரஞ்ச் கவுன்டியில் தலைக்காயம் இல்லாத மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடுத்திருக்கக்கூடியவை, அல்லது ஒருவேளை தடுத்திருக்கக்கூடியவை என்று தெரிந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் தெளிவாகத் தடுத்திருக்கக்கூடிய மரணம் ஒன்றே ஒன்று.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தாய்லாந்தின் கோன்கேன் ஆஸ்பத்திரி. பதிவேடும் குழுவும் வைத்து மரணங்களைப் படித்தபோது, ஷாக் எனும், ரத்த ஓட்டம் குன்றிய நிலையில் உள்ளவர்களுக்குப் போதிய சிகிச்சை இல்லாததும் தலைக்காய அறுவைகள் தாமதமாவதும் தெரிந்தன. நெரிசல் நேரத்தில் முழுப் பயிற்சி பெற்ற சர்ஜன்களை அவசரப் பிரிவிலேயே நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குள் தகவல் சொல்ல வாக்கி-டாக்கி கொடுத்தார்கள். புதிதாக வரும் இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சியைக் கூட்டினார்கள். சேர்க்கப்பட்ட காய நோயாளிகளில் மரணம் 6.1 சதவீதத்திலிருந்து 4.4 சதவீதமாக இறங்கியது. பெரிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை பாருங்கள்.

அந்தக் கூட்டம் எப்படி நடக்கும்? யாரையாவது மாட்டிவிடுவார்களா?

பயிற்சி வகுப்புக்காகப் புனைந்த கேஸ் ஒன்று. அடிபட்டது இரவு 9.10. கேஷுவாலிட்டி வாசல் 9.42. அழுத்தம் 84 என்று பார்த்தது 9.50. வயிற்று ஸ்கேனில் ரத்தம் தெரிந்தது 10.05. சர்ஜனுக்கு போன் 10.12. கிராஸ்மேட்சுக்கு (எந்த ரத்தம் பொருந்தும் என்று பார்க்க) ரத்தம் எடுத்தது 10.18. பிளட் பேங்க் புத்தகத்தில் மாதிரி வந்து சேர்ந்ததாகப் பதிவு 10.56. முதல் பாட்டில் ஏறியது 11.40. தியேட்டர் 11.52. இதயம் நின்றது 12.30.

படித்தவுடன் எல்லோர் கண்ணும் சர்ஜன் மேல்தான் போகும். ஆனால் 10.18-க்கும் 10.56-க்கும் நடுவில் 38 நிமிடம். அந்த ட்யூப் எங்கே இருந்தது? விசாரித்தால், எடுத்துப் போக ஊழியர் இல்லை, நோயாளியின் மைத்துனர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு பிளட் பேங்க் எந்த பில்டிங்கில் இருக்கிறதென்றே தெரியாது. ஓபி பிளாக் வரை போய், வாட்ச்மேனிடம் கேட்டு, திரும்பி வந்திருக்கிறார்.

கூட்டத்தில் யார் செய்தது என்று ஆரம்பித்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், அடுத்த மாதம் நேரங்கள் இன்னும் அழகாக எழுதப்பட்டிருக்கும். எந்த இடத்தில் நின்றது என்று ஆரம்பித்தால் 38 நிமிடம் வெளியே வரும். மிக மோசமான நிலையில் வருபவர்களை வைக்கும் ரெட் ஜோனுக்கென்று ஓர் ஊழியர், அவசரத்துக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் அங்கேயே குளிர்பெட்டியில். தீர்வு அவ்வளவுதான். யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதலில் அதைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது டீ குடிக்கும் கூட்டம்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது?

தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரிகளில் தனி அவசரப் பிரிவுகள் வந்தன. ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து அதைத் தாய் என்றே அழைக்கிறார்கள். வருபவரை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது, 108 வண்டியிலிருந்து முன்கூட்டியே தகவல் வாங்குவது, பதிவேடு வைப்பது எல்லாம் அதன் பகுதி. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் என்றது. தொடக்கத்தில் வரம்பு 1 லட்சம் ரூபாய். தனியார் ஆஸ்பத்திரிகளும் அதில் உண்டு. காசுக்காக வாசலில் நிறுத்திவைப்பது குறைய இது உதவும். ஆனால் செலவுப் பட்டியல் என்ன செய்தார்கள் என்று சொல்லும், எத்தனை மணிக்கு என்பதை நர்ஸ்தான் எழுத வேண்டும்.

நல்ல தரவு எப்படிக் கிடைக்கும் என்பதற்கு மும்பை, டெல்லி, கொல்கத்தாவின் நான்கு அரசு ஆஸ்பத்திரிகளில் 2013 முதல் 2015 வரை நடந்த பதிவேட்டு ஆய்வு ஒரு பாடம். பதிவுக்கென்றே தனி ஆட்களை ஷிஃப்டில் அவசரப் பிரிவில் நிறுத்தினார்கள். ஒரு கையில் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்தும் நர்ஸே மறு கையில் கணினியிலும் பதிய வேண்டும் என்றால் நடக்காது.

எண்களில் தில்லுமுல்லு செய்ய முடியுமா?

தாராளமாக. இறக்கப்போகிறவரை ரெஃபர் செய்துவிடலாம். வாசலில் துடிப்பு இருந்தவரையும் பிராட் டெட், அதாவது இறந்தே வந்தவர் என்று எழுதிவிடலாம். சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கி வீட்டுக்கு அனுப்பினால் அவர் டிஸ்சார்ஜ் கணக்கில் போவார். ஆகவே மரண எண்ணை மட்டும் கேட்காமல், ரெஃபர், பிராட் டெட், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் என்ற மூன்று எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ஒன்று குறையும்போது இன்னொன்று ஏறினால் புரிந்துவிடும்.

தரவரிசை போட்டு பத்திரிகையில் வெளியிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பதிவேடு இன்னும் நம்பகமாக ஆகாத நிலையில் அது இந்தத் தில்லுமுல்லுக்குப் பரிசு கொடுப்பதாகவே முடியும் என்பது என் எண்ணம்.

பிழைத்துவிட்டால் போதுமா?

24 வயதுப் பையன் பிழைத்தான், ஆனால் தானாகச் சாப்பிட முடியவில்லை என்றால் எந்தக் கணக்கில் எழுதுவது? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பதிவேட்டில் 6, 12, 24 மாதங்களில் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து, வேலைக்குத் திரும்பினாரா, வலி உண்டா என்று கேட்கிறார்கள். இங்கே 30-ஆவது நாளில் ஒரு போன் என்றாவது தொடங்கலாம்.

கணினி, தனி ஊழியர் எதுவும் இல்லாத சின்ன ஆஸ்பத்திரி எங்கிருந்து தொடங்குவது?

ரெட் ஜோனில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பெரிய கடிகாரம். ஒரே ஒரு பக்கப் படிவம், அதில் எட்டு நேரக் கட்டம். மூன்று ஃபில்டர் மட்டும், முப்பது வேண்டாம். மாதம் ஒரு கூட்டம். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட தர மேம்பாட்டு வழிகாட்டியும் எளிய மரண ஆய்வுக் கூட்டத்திலிருந்தே தொடங்கச் சொல்கிறது. காயத்தின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்து ஆஸ்பத்திரிகளை ஒப்பிடுவது எல்லாம் அப்புறம்.

நோயாளியின் உறவினர் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

அடிபட்ட நேரத்தை முடிந்தவரை சரியாகச் சொல்லுங்கள். "இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னாடி" என்பது உதவாது. போன் வந்த நேரத்தை மொபைலில் பார்த்தே சொல்லலாம். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தால் ரெஃபரல் சீட்டை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல் ட்ரையாஜ் நர்ஸிடம் கொடுங்கள். அங்கே என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும். ரத்த ட்யூபை உங்கள் கையில் கொடுத்தால் பிளட் பேங்க் எந்த பில்டிங், எத்தனையாவது மாடி என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.